அந்தப் பக்கம் க்யூ நிற்கிறதா?

98400 என்றால் ஏர்டெல். 98410 ஏர்செல். 98840 ஹட்ச். 94440 பிஎஸ்என்எல். சென்னையில் செல்போன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் இது வாய்ப்பாடு. சென்னையைத் தாண்டினால் 98420 ஏர்செல், 98430 பிபிஎல், 94430 மறுபடியும் பிஎஸ்என்எல். நம்பரைச் சொல்ல ஆரம்பித்து ஐந்தாவது இலக்கத்துக்கு வருவதற்குள், "ஓ, இன்கமிங்குக்கும் காசு கட்டின காலத்து ஆளா நீங்க?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். நம்பர் ஒரு ஜாதகம்.

எங்கள் சர்வருக்குத் தெரிந்த ஜாதகமும் அந்த ஐந்து இலக்கம்தான். வந்து நிற்கிற படத்தை நம் வீட்டுக்குள்ளேயே கொடுக்க வேண்டுமா, அடுத்த கம்பெனியின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா என்பதை அதை வைத்தே முடிவு செய்யும்.

எம்எம்எஸ் பற்றிச் சொல்கிறேன். 2000-களின் நடுவில் சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியின் மெசேஜிங் பிரிவில் இருந்தேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அங்கே எஸ்எம்எஸ் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் மரியாதை. காசு கொட்டியது அதில். எம்எம்எஸ், புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டப்பட்ட சவலைப் பிள்ளை. ஐரோப்பாவில் 2002-இல் நார்வேயின் டெலினார், ஹங்கேரியின் வெஸ்டெல் போன்ற கம்பெனிகள் தொடங்கிவைத்த சேவை அது. அந்த வருஷத்து சோனி எரிக்சன் டி68ஐ போனுக்குக் கேமராவைத் தனியாக வாங்கி அடியில் செருக வேண்டும். நோக்கியா 7650-இல் கேமரா உள்ளேயே வந்துவிட்டது. நம் ஊரில் ஆசையைக் கிளப்பிவிட்டது என்னவோ 2003-இல் வந்த 6600தான். உள்ளங்கையில் உருண்டையாக உட்காரும். கேமரா 640-க்கு 480 புள்ளி, திரை 176-க்கு 208. இன்றைக்கு இந்த அளவைச் சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் அந்தப் போனை எடுத்தால் சுற்றிலும் நாலு தலை எட்டிப் பார்க்கும்.

படம் எடுத்து "அனுப்பு" என்று அழுத்தினால் அது எதிராளியின் போனுக்கு நேரே பறந்துவிடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. முதலில் அது அனுப்புகிறவரின் கம்பெனி சர்வருக்கு ஏறும். சர்வர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பெறுகிறவரின் போனுக்குக் கண்ணில் படாத ஒரு குட்டி எஸ்எம்எஸ் அனுப்பும்: உனக்கு ஒன்று வந்திருக்கிறது, இந்த முகவரிக்கு வந்து எடுத்துக்கொள். அந்த போன் ஜிபிஆர்எஸ்ஸைத் திறந்து, போய், படத்தை இறக்கிக்கொள்ளும். இவர் ஏற்றுகிறார், அவர் இறக்குகிறார், நடுவில் ஒரு கிடங்கு. ஒரே கம்பெனிக்குள் என்றால் கதை இத்தோடு முடிந்தது.

கம்பெனி மாறினால்தான் சுவாரஸ்யம். 3ஜிபிபி என்ற அமைப்பு எழுதிய 23.140 என்ற ஆவணத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயர் உண்டு. போனுக்கும் சர்வருக்கும் நடுவில் எம்எம்1. கிரிக்கெட் படம், சாமி படம் விற்கிற வெளியாட்கள் உள்ளே வருவது எம்எம்7. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் எம்எம்4. என் இளமையில் கணிசமான பகுதி இந்த எம்எம்4 வாசலில் கழிந்தது.

அந்த வாசலுக்குள் இருந்தது வேறொன்றுமில்லை, சாதாரண மின்னஞ்சல். 1982-இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையையே எடுத்து, தலைப்பில் "எக்ஸ்-எம்எம்எஸ்" என்று தொடங்கும் சில வரிகளைச் சேர்த்து, போன் நம்பருக்குப் பின்னால் "/டைப்=பிஎல்எம்என்" என்று ஒரு வாலை ஒட்டிவிட்டிருந்தார்கள். கோடிக் கணக்கில் செலவழித்து வாங்கிய சர்வர், உள்ளே ஒரு தபால் பெட்டி. முதல் தடவை அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. தெரிந்த சாமான்.

புதிதாக ஒரு கம்பெனியோடு இணைப்புக் கொடுக்கும் நாளில் முதல் வேலை, கறுப்புத் திரையில் டெல்நெட் திறந்து அவர்களுடைய சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டுவது. எங்கள் பக்கம் ஒரு ஃபயர்வால், அவர்கள் பக்கம் ஒரு ஃபயர்வால். பாதி நாள் அதிலேயே போகும். கர்சர் ஒளிர்ந்து ஒளிர்ந்து நிற்கும், கடைசியில் "டைம்ட் அவுட்" என்று கைவிரிக்கும். போன் செய்வோம், ஐபி முகவரியை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம், மறுபடி தட்டுவோம். திடீரென்று 220 என்று ஒரு வரி வரும். கதவு திறந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் கையால் அடிப்பதுதான். இஎச்எல்ஓ என்று நாலு எழுத்தில் வணக்கம். அந்தப் பக்கம் 250. யாரிடமிருந்து என்று ஒரு வரி. 250. யாருக்கு என்று ஒரு வரி. 250. டேட்டா என்றால் 354, அதாவது ஆரம்பி. படத்தை எழுத்தாக மாற்றிய பொடிப்பொடியான வரிகளை ஒட்டிவிட்டு, கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர். 250.

அந்தக் கடைசி 250-ஐப் போல் ஒரு சந்தோஷம் எனக்கு அந்த வேலையில் வேறு எதிலும் கிடைத்ததில்லை. காரணம் உண்டு. அன்றைக்கு வெளியே கம்பெனிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. டிவியில் ஒருவர் நாய்க்குட்டியைப் பையன் பின்னால் ஓடவிட்டார், இன்னொருவர் ரஹ்மான் மெட்டை நாள் முழுக்க ஒலிக்கவிட்டார். தெருமுனைக் கடைக்காரரை இழுக்க இந்தப் பக்கம் ஒரு பெயர்ப்பலகை, அந்தப் பக்கம் ஒரு குடை. எங்கள் மார்க்கெட்டிங் மீட்டிங்கில் எதிர்க் கம்பெனியின் பெயரைச் சொல்வதே அபசகுனம். ராத்திரி பதினொரு மணிக்கு மேலே மூன்றாவது மாடியில், அதே எதிர்க் கம்பெனியின் சர்வர் எங்களுடையதைப் பார்த்து "சரி, வாங்கிக்கொண்டேன், பொறுப்பு இனி என்னுடையது" என்று மூன்று இலக்கத்தில் சொல்லும்.

சர்வர் மட்டும் இல்லை, ஆளும் உண்டு. எதிர்க் கம்பெனியின் அதே பிரிவில் என்னைப் போலவே ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை. குரலை வைத்து மதுரைப் பக்கம் என்று நினைத்தேன், அப்புறம் ராஜபாளையம் என்றார். எங்கள் உரையாடலுக்கு ஒரு பல்லவி உண்டு.

"சார், அந்தப் பக்கம் க்யூ நிக்குதா?"

"நம்ம பக்கம் சுத்தமா இருக்கு சார். நீங்க அனுப்புறதே வரலை. உங்க ஃபயர்வாலைப் பாருங்க."

"பாத்துட்டேன் சார். உங்க கடைசி 250 வரைக்கும் வருது. அதுக்கப்புறம் உங்க ரெஸ்பான்ஸ்தான் வரலை."

"அப்படியா? ஒரு நிமிஷம் இருங்க, டீ வெச்சுட்டு வரேன்."

ரெஸ்பான்ஸ் என்று நான் சொன்னது இன்னொரு விவகாரம். 250 என்றால் உறை கைக்கு வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். உறையைப் பிரித்துப் பார்த்து, நம்பர் நம்முடையதுதான், படம் நம் போன்கள் தாங்கும் அளவுதான் என்று தெரிந்த பிறகு அவர்களுடைய சர்வர் தன் பக்கத்திலிருந்து தனியாக ஒரு பதில் அஞ்சல் அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் எங்கள் சர்வர், படம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அனுப்பும். அப்படித்தான் சில நாள் ஒரே குழந்தையின் ஒரே படம் ஒரே தாத்தாவுக்கு நாலு தடவை போகும். தாத்தா புகார் செய்ய மாட்டார். அனுப்பியவர் செய்வார், நாலு தடவைக்கும் காசு எடுத்துவிட்டீர்களா என்று. அனேகமாக எடுத்திருக்க மாட்டோம். அதை அவரை நம்ப வைப்பது வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலையெழுத்து.

படங்களை நாங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. லாகில் தெரிவது இரண்டு நம்பர், நேரம், எத்தனை கேபி. அதை வைத்தே ஊர் நடப்பு கொஞ்சம் தெரியும். தை மாதத்து முகூர்த்த நாளில் காலை ஏழு மணிக்கு மேல் க்யூ தடிக்கும். தாலி கட்டியாகிவிட்டது என்று பொருள். விடிகாலை நாலரைக்கு ஒரு நம்பரிலிருந்து வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே அளவில் ஒரே படம் போனால், அது பிறப்பு. இறப்பாக இருந்தால் படம் போகாது, போன்தான் போகும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

தர நிர்ணயத்தில் அடிப்படைப் படத்துக்கு 30 கேபி, அதற்கு மேல்படிக்கு 100, கொஞ்சம் பெரிய வீடியோவுக்கு 300 என்று படிகள் வைத்திருந்தார்கள். இதில் ஒரு கம்பெனி 300 வரை வாங்கும், இன்னொன்று 100-க்கு மேல் தொடாது. நடுவில் மாட்டிக்கொண்ட படத்தைச் சுருக்க வேண்டும். பெறுகிற போன் தன் மாடல், திரை அளவு எல்லாம் சொல்லிக்கொண்டுதான் படத்தைக் கேட்கும். அதற்கேற்ப சர்வர் வெட்டித் தைத்துக் கொடுக்கும். 6600-இல் எடுத்த படம் 128-க்கு 128 திரையில் போய் விழுந்தால் மாப்பிள்ளை தெரிவார், பெண் தெரியாது.

இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மலை இருந்தது: செட்டிங்ஸ். ஏர்டெல் என்றால் "ஏர்டெல்எம்எம்எஸ்.காம்", பிஎஸ்என்எல் என்றால் "பிஎஸ்என்எல்எம்எம்எஸ்" என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஏபிஎன், ஒரு ப்ராக்ஸி, ஒரு போர்ட் எண். ஒன்றில் ஒரு புள்ளி தவறினாலும் படம் அவுட்பாக்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் இந்த எண்களை மனப்பாடமாக அடிக்கிற பையன்கள் இருந்தார்கள். எங்கள் பொறியாளர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. நல்ல ரீசார்ஜ் கடைக்காரர் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு செட்டிங்ஸ் போட்டுக் கொடுப்பார், கூடவே தன் போனுக்கு ஒரு படம் அனுப்பிச் சரிபார்த்தும் விடுவார். அந்தக் கடைகளின் சுவரில் ஒட்டியிருந்த ரோஜாப் பூ, பாப்பா படங்கள் எங்கள் லாகில் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருக்குமோ.

பெறுகிறவரின் போனில் எம்எம்எஸ்ஸே கிடையாது என்றால் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். ஒரு இணைய முகவரி, ஒரு கடவுச்சொல். பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கு இருபது ரூபாய் கட்டி அதை அடித்துப் பார்க்க வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டிருப்பார், அதற்குள் காலாவதியாகிப் படம் அழிந்திருக்கும். அந்த ஏற்பாட்டை யோசித்தவர் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது அதை உபயோகித்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஒரு படத்துக்கு மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று வாங்கினோம். இணைப்புக்காகக் கம்பெனிகள் ஒன்றையொன்று மாதக் கணக்கில் அலைக்கழித்தன. பத்துக் கம்பெனி நேருக்கு நேர் இணைய வேண்டுமானால் நாற்பத்தைந்து இணைப்பு. அது கட்டாது என்று நடுவில் இன்னொருவரை வைத்து எல்லாவற்றையும் அவர் வழியாக விட்டார்கள். அதற்கப்புறம் க்யூ நின்றால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. ராஜபாளையத்துக்காரரும் நானும் அப்போதும் பழக்க தோஷத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். போதாததற்கு 2004-இல் டெல்லிப் பள்ளி மாணவர்களின் வீடியோ ஒன்று போன் போனாகப் பரவி, எம்எம்எஸ் என்ற மூன்றெழுத்தே பத்திரிகைகளில் கெட்ட வார்த்தையானது. பெண் பார்க்கப் போன இடத்தில் "தம்பிக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்கு நான் "நெட்வொர்க்" என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

2011 ஜனவரி 20 அன்று நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது. ஜனங்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. எங்கள் வாய்ப்பாடு அன்றோடு செத்தது. 98400 என்றால் ஏர்டெல் என்று இனி சத்தியம் செய்ய முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும்: இந்த நம்பர் இப்போது யார் வீட்டில்? இரண்டு கம்பெனியின் தரவுத்தளமும் ஒத்துப்போகாத அன்றைக்குப் பார்க்க வேண்டும். உன் ஆள் என்று இவர் அங்கே தள்ள, இல்லை உன் ஆள் என்று அவர் இங்கே தள்ள, ஒரு படம் இரண்டு சர்வருக்கும் நடுவில் ராத்திரி முழுக்க ஊஞ்சலாடும்.

அதற்குள் வாட்ஸ்அப் வந்துவிட்டது. 2009-இல் தொடங்கி, இங்கே இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்து, 2014-இல் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குகிறதாக அறிவித்தபோது எங்கள் பிரிவில் மிச்சமிருந்தவர்களை எஸ்எம்எஸ் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஓடிபி அனுப்புகிற வேலை. வாட்ஸ்அப் எங்களைவிட எல்லா விதத்திலும் மேல். படம் தெளிவாக வருகிறது, தனியாகக் காசு இல்லை, செட்டிங்ஸ் என்ற சொல்லே வேண்டாம். நீலக் கோடு வந்தால் பார்த்துவிட்டார். நாங்கள் டெலிவரி ரிப்போர்ட் என்று எதிர்க் கம்பெனியிடம் கெஞ்சி வாங்கியது அவர்களுக்கு இரண்டு டிக்.

ஆனால் அங்கே எதிர்க் கம்பெனி என்று ஒன்று கிடையாது. அனுப்புகிறவர், வாங்குகிறவர், நடுவில் இருக்கிற கிடங்கு எல்லாம் ஒரே வளாகத்துக்குள். டெலிகிராமில் இருக்கிறவருக்கு வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு படம் அனுப்ப வழியில்லை. அவரையும் இங்கே வரச் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில், "நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்காமலே படம் அனுப்பலாம். எங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் அது அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காகத்தான் அத்தனை பேர் ராத்திரி உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஏக்கம் அந்த மங்கலான படத்தின் மேல் இல்லை. இந்த ஏற்பாட்டின் மேல்தான். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் தன் வாசலை மற்ற செயலிகளுக்கும் திறக்க வேண்டும் என்று சொன்னபோது, அந்தத் தொழில்நுட்ப விவரத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். நம் ஊருக்கு அது பொருந்தாது என்று தெரிந்தேதான் படித்தேன். எங்கேயாவது ஒரு மூலையில் 250 இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது.

எங்களோடு இணைந்திருந்த கம்பெனிகளில் பலவும் இன்றைக்கு இல்லை. பிபிஎல் ஹட்சுக்குள் போனது, ஹட்ச் வோடஃபோன் ஆனது, வோடஃபோன் ஐடியாவோடு சேர்ந்தது. ஏர்செல் 2018-இல் படுத்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் போன் செய்ய ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014-இல் மூடியது. வெளிநாட்டிலும் கடை கட்டுகிறார்கள்: சுவிட்சர்லாந்தில் ஸ்விஸ்காம், ஜெர்மனியில் வோடஃபோன் இரண்டும் 2023 ஜனவரியில் எம்எம்எஸ்ஸை நிறுத்திவிட்டன. ராஜபாளையத்துக்காரர் இப்போது ஒரு வங்கியில் இருக்கிறார். பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் கரும்புப் படம் அனுப்புகிறார், நானும் பதிலுக்கு ஒன்று அனுப்புகிறேன்.

அமெரிக்காவில் எம்எம்எஸ் சாகவில்லை. ஐபோன்காரருக்கும் ஆண்ட்ராய்டுகாரருக்கும் நடுவில் படமும் வீடியோவும் அங்கே வெகுகாலம் எம்எம்எஸ்ஸாகத்தான் போய்க்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் ஆப்பிள் ஆர்சிஎஸ் என்ற புதிய முறையை ஏற்ற பிறகுதான் நிலைமை மாறியது. இத்தனைக்கும் 2007-இல் வந்த முதல் ஐபோனில் எம்எம்எஸ்ஸே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுத்தார்கள். ஆர்சிஎஸ் வருவதற்கு முந்தின வருஷம் டாலஸில் இருக்கிற என் அக்கா பையன் போனில் புலம்பினான். நண்பன் ஐபோனிலிருந்து அவனுடைய பிறந்தநாள் வீடியோவை அனுப்பியிருக்கிறான், கேக் எது, முகம் எது என்று தெரியவில்லையாம்.

"உன் போன்ல ஒண்ணும் இல்லைடா," என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் உற்சாகமாகவே ஏறிவிட்டது. "நடுவுல சுருக்கியிருக்கான். அவன் எந்த கேரியர், நீ எந்த கேரியர்?"

"அதெல்லாம் எதுக்கு மாமா?"

"சொல்லு, ஒரு விஷயம் பார்க்கணும். வந்தது எத்தனை கேபின்னும் பாரு."

"மாமா, அவனை வாட்ஸ்அப் இன்ஸ்டால் பண்ணச் சொல்லிட்டேன். விடுங்க."